தூண்டில் ராடும் ரீலும்: வீட்டில் வைப்பதும் வழியில் கொண்டுபோவதும்

மீனை இழுக்கும்போது ராடு உடைந்தால் மீன் பெரிது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அடி அதற்கு முன்பே விழுந்திருக்கும். கார் கதவு சாத்தும்போது நசுங்கியிருக்கும், பேருந்தில் யாரோ வெங்காய மூட்டையைச் சாய்த்திருப்பார்கள், இல்லையென்றால் பைக்கில் வரும் வழியெல்லாம் ஈயக்குண்டு ஆடி ஆடி முனையில் தட்டியிருக்கும். கார்பன் ராடு நன்றாக வளையும். பக்கவாட்டில் விழும் குத்தையும் நசுக்கலையும் தாங்காது. அடிபட்ட இடத்தில் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் உள்ளே இழை விட்டிருக்கும். பிறகு சாத்தனூர் அணையில் ஒரு கட்லா பிடித்து இழுக்கும் அன்றைக்கு, சரியாக அந்த இடத்தில் பட்டென்று போகும்.

தூண்டில் நூலான நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல் இப்படித் திடீரென்று போவதில்லை. மணல், ஈரம், உப்பு, தப்பான எண்ணெய் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வடஆற்காடு முழுவதுமே இதற்குத் தோதான ஊர்தான்: மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வெயில், பாலாற்றின் நுண்மணல், உப்புக் கலந்த போர் தண்ணீர், ஐப்பசி கார்த்திகையில் சுவரெல்லாம் ஓதம். ஆகவே வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை அப்படியே செய்தால் இங்கே பாதிதான் பயன்படும்.

புதிதாகத் தூண்டில் போட வருபவர்கள் இரண்டாவது ராடு வாங்குவதற்கு முன், இருக்கிற ராடுக்கு ஒரு குழாயும் ரீலுக்கு ஒரு டப்பாவும் செய்துகொள்ளுங்கள்.

கையில் இருப்பது என்ன ராடு?

கண்ணாடி இழையால் ஆன பைபர் ராடு கனமாக இருக்கும், தடிமனாக இருக்கும், அடி தாங்கும். ஆனால் வெயிலில் பல வாரம் சாய்த்தே வைத்தால் வளைவு நின்றுவிடும். கார்பன் ராடு லேசு, விறைப்பு அதிகம். வளைவு அவ்வளவாக நிற்காது, ஆனால் நசுங்கினால் போச்சு. கடையில் கிடைக்கும் பல ராடுகள் இரண்டும் கலந்தவை. அவற்றைக் கார்பன் என்றே நினைத்து நடத்துவது நல்லது.

கட்டமைப்பில் மூன்று வகை. ஒரே துண்டாக வருவது, இரண்டு துண்டாக மாட்டிக்கொள்வது, ஒன்றுக்குள் ஒன்று போகும் டெலஸ்கோபிக் ராடு. பைக்கிலும் பேருந்திலும் போகிறவர்கள் ஒரே துண்டு ராடை வாங்காதீர்கள். 7 அடி ராடு 213 செ.மீ. நீளம், அதை எங்கே வைத்தாலும் யாராவது இடிப்பார்கள். 7 அடியில் இரண்டு துண்டு ராடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 110 செ.மீ. வரும். இந்த ஊர்ப் பயணத்துக்கு அதுதான் சரி. டெலஸ்கோபிக் ராடு பையில் போட வசதி, ஆனால் அடுக்குகளுக்கு நடுவில் மணல் புகுந்தால் தலைவலி.

மூங்கில் கம்பை மறக்க வேண்டாம். ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் அதைவிட மலிவானது கிடையாது. அதை மட்டும் முனையில் கயிறு கட்டி, காற்றோட்டமான இடத்தில் தொங்க விடுங்கள். தரையில் படுக்கப் போட்டால் வளையும், உளுத்தும் போகும்.

கரையிலேயே செய்ய வேண்டியது

பாதுகாப்பு வீட்டுக்கு வந்து தொடங்குவதில்லை. கிளம்பும் அவசரத்தில்தான் முக்கால்வாசிச் சேதம் நடக்கிறது. இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் முள்ளையும் ஈயக்குண்டையும் வெட்டி எடுங்கள். "அடுத்த வாரம் இதே செட்டுதானே" என்று முள்ளை, ராடின் மேல் நரம்பு ஓடும் கைடு வளையத்தில் மாட்டி, நரம்பை இறுக்கிச் சுற்றுவது எல்லோரும் செய்கிற வேலை. அதில் கேடு இரண்டு. கைடுக்குள் இருக்கும் பீங்கான் வளையம் முள் பட்டுச் சில்லு பெயர்கிறது. சில்லு பெயர்ந்த வளையம் அதன்பின் நரம்பை அறுக்கும், குறிப்பாகப் பல இழை பின்னிய பிரெய்டு நரம்பை. இன்னொன்று, நரம்பு இழுத்த இழுப்பில் முனை வளைந்தே பயணம் செய்கிறது. அந்த நிலையில் ஒரு சின்ன இடி போதும். முள்ளை எடுக்க மனமில்லை என்றால், கைப்பிடிக்கு மேலே முள் மாட்டுவதற்கென்றே ஒரு சின்னக் கம்பி வளையம் பல ராடுகளில் உண்டு. அதில் மாட்டி நரம்பைத் தளர்வாக விடுங்கள். கார்க் கைப்பிடியில் குத்தி வைக்காதீர்கள். ஓட்டை விழுந்த கார்க் ஈரம் குடித்துப் பெயரும்.

அடுத்து, ராடை ஈரத்துணியால் அடியிலிருந்து முனைவரை ஒரு தடவையும் உலர்ந்த துணியால் ஒரு தடவையும் துடைக்க வேண்டும். இணைப்பு வாயை மட்டும் தனியாகத் துடையுங்கள், அங்கே ஒட்டிய மணல் இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று தேய்க்கும்.

டெலஸ்கோபிக் ராடு என்றால், மடக்குவதற்கு முன் ஒவ்வொரு அடுக்கையும் துடைத்துவிட்டு மடக்குங்கள். முனையைப் பிடித்துக் கீழே அழுத்தக் கூடாது. ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் இரண்டு கையாலும் பிடித்து, லேசாகத் திருகி, நேராக உள்ளே தள்ளுங்கள். விரிக்கும்போது மெல்லிய முனை அடுக்கு முதலில், தடித்தது கடைசியில். வளையங்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்.

கடைசியாக ரீலைக் கழற்றுங்கள். ராடிலேயே மாட்டி எடுத்துவந்தால் ரீலின் எடை முழுவதும், ராடில் ரீலை மாட்டும் இடமான ரீல் சீட்டில் ஆடும். கீழே விழுந்தால் ரீலின் கால் வளையும், அல்லது நரம்பை ரீலில் சுற்றிவிடும் பெய்ல் கம்பி வளையும். பெய்ல் கம்பி ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் நரம்பு, கம்பியின் ஓரத்தில் இருக்கும் உருளையில் சரியாக உட்காராமல் முறுக்கிக்கொள்ளும். புதியவர்கள் நரம்பைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். காரணம் வளைந்த கம்பியாக இருக்கும்.

ரீலை எந்த நேரத்திலும் மணலில் வைக்காதீர்கள். பாலாற்று மணலும் ஏரிக்கரைப் புழுதியும் பெய்லின் மூட்டிலும் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலின் அடியிலும் ஒட்டிக்கொண்டு, பிறகு கைப்பிடியைச் சுற்றும்போது நரநரவென்று கேட்கும். அந்தச் சத்தத்தோடு சுற்றச் சுற்ற உள்ளே பல்சக்கரம் தேயும். இரண்டு கவைக் குச்சி வெட்டி நட்டு அதில் ராடைச் சாய்த்தால் போதும்.

ரீலைக் கழுவுவது

நன்னீரில் ஒரு நாள் போட்ட ரீலுக்கு ஈரத்துணித் துடைப்பே போதும். ஒவ்வொரு முறையும் குழாயடியில் பிடிக்க வேண்டாம். சேறு பட்டிருந்தாலோ கடலுக்குப் போய்வந்திருந்தாலோ மட்டும் கழுவுங்கள்.

பழவேற்காடு, சென்னைக் கடற்கரை என்று போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னையிலிருந்து வேலூர் 140 கிலோமீட்டர். வண்டி ஏறி வீடு வந்து சேர்வதற்குள் உப்பு காய்ந்து ஒட்டிவிடும். கிளம்பும் இடத்திலேயே ஒரு லிட்டர் நல்ல தண்ணீரை ராடு, கைடு, ரீல், ஸ்பூல் மேல் மெதுவாக ஊற்றித் துடைத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்து முழுதாகக் கழுவலாம்.

கழுவும் முறை இது. ஸ்பூலின் தலையில், மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பதை வைக்கும் டிராக் குமிழை இறுக்கிக்கொள்ளுங்கள், அப்போதுதான் உள்ளே இருக்கும் வட்டுகளுக்குத் தண்ணீர் போகாது. தண்ணீரைப் பூவாளி மாதிரி மெல்லத் தெளியுங்கள். ஒரு நிமிடம் போதும். வாளியில் முக்கக் கூடாது. வாட்டர் சர்வீஸில் பைக் கழுவுகிற பம்பைப் பிடிக்கவே கூடாது. அந்த அழுத்தம் உப்பையும் மணலையும் பேரிங்கு வரைக்கும் தள்ளிவிடும், கூடவே கிரீஸையும் கழுவிவிடும். வெந்நீரும் வேண்டாம்.

கழுவியதும் உதறி, துணியால் உடனே துடைத்துவிடுங்கள். இங்கே பல வீடுகளில் போர் தண்ணீர்தான். அதைத் தானாகக் காய விட்டால் வாளியில் படிகிற அதே வெள்ளைப் படிவு நரம்பு உருளையிலும் கைடு வளையத்திலும் படியும். கடைசித் தெளிப்புக்கு மட்டும் ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. பிறகு டிராக்கைத் தளர்த்தி, ஸ்பூலைக் கழற்றி, நிழலில் ஃபேன் காற்றில் ஒரு இரவு வையுங்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும்தான், ஆனால் நைலான் நரம்புக்குப் புற ஊதாக் கதிர் எமன்.

பிரெய்டு நரம்பு பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கடல் தண்ணீர் பட்ட பிரெய்டு ஸ்பூலை மட்டும் கழற்றி அரை மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறப்போடலாம். ஸ்பூலுக்குள்ளேயே டிராக் வட்டுகள் இருந்தால் முதலில் அவற்றை வரிசை மாறாமல் எடுத்து வையுங்கள். வரிசை மறந்துபோகும் என்றால் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணெய், எந்த இடத்தில்

தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழி தையில் வேலூர் இரவுகள் 20 டிகிரிக்குக் கீழே போகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். உறையாத மாதங்களில் நாள்பட்டுப் பிசினாகி, தூசியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் அதே கதைதான். துரு நீக்க அடிக்கும் ஸ்ப்ரேயும் எண்ணெய்க்கு மாற்றாகாது. அது இருக்கிற கிரீஸைக் கரைத்துவிட்டுத் தானும் ஆவியாகிவிடும்.

ரீலுக்கென்று விற்கிற மெல்லிய எண்ணெய் நல்லது. கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய். நரம்பு உருளையில் ஒரு சொட்டு, பெய்ல் கம்பியின் இரண்டு மூட்டிலும் ஒவ்வொரு சொட்டு, கைப்பிடிக் குமிழின் தண்டில் ஒரு சொட்டு, ஸ்பூலைக் கழற்றினால் தெரியும் நடுத்தண்டில் ஒரு சொட்டு. அவ்வளவுதான். வழிந்தால் துடையுங்கள், வழிகிற எண்ணெய் தூசியைக் கூப்பிடும்.

உள்ளே இருக்கும் பல்சக்கரத்துக்குக் கிரீஸ். இதை ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். கைப்பிடி பின்பக்கம் சுற்றாமல் தடுக்கும் ஒருவழிப் பேரிங்கு ஒன்று உண்டு. அதில் கெட்டி கிரீஸ் பட்டால் உருளைகள் பிடிக்காமல் வழுக்கும், முள் குத்தி இழுக்கும் நேரத்தில் கைப்பிடி பின்னால் ஓடும். அந்த இடத்தைத் தொடாமல் விடுவதே நல்லது.

வீட்டில் எங்கே வைப்பது

தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கும் கீழே, மொட்டைமாடி அறையில், பரணில் வைக்காதீர்கள். அக்னி நட்சத்திர நாட்களில் அந்த இடங்களில் கை வைக்க முடியாது. ராடின் முனையில் இருக்கும் கடைசிக் கைடு பல ராடுகளில் சூட்டில் உருகும் பசையால் ஒட்டியது. அது தளர்ந்து திரும்பிக்கொள்ளும். ரீலில் கிரீஸிலிருந்து எண்ணெய் தனியே பிரிந்து வழியும். வீட்டின் நடு அறைச் சுவர், அலமாரிக்குப் பின்புறம், கட்டிலுக்கு அடியில் என்று குளிர்ச்சியான, இருட்டான இடமாகப் பாருங்கள்.

மூலையில் சாய்த்து வைப்பதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். நேராக நிறுத்தலாம், அல்லது படுக்க வைக்கலாம். நிறுத்துவதென்றால் சுவரில் இரண்டு மரப்பட்டை: கீழ்ப்பட்டையில் அடி நிற்க 3 செ.மீ. குழி, மேல்பட்டையில் தண்டு உட்கார U வடிவ வெட்டு, வெட்டுக்குள் ஃபோம் துண்டு. ஒவ்வொரு ராடுக்கும் நடுவில் 10 செ.மீ. விட்டால் கைடுகள் சிக்காது. படுக்க வைப்பதென்றால் ஒரே துண்டு 7 அடி ராடுக்கு மூன்று தாங்கி வேண்டும். இரண்டு ஆணி அடித்து இரண்டு முனையில் வைத்தால் நடுவில் தொய்யும்.

இரண்டு துண்டு ராடை மாட்டியபடி மாதக்கணக்கில் வைக்க வேண்டாம், இணைப்பு இறுகிவிடும். கழற்றி, உள்ளே போகும் ஆண் இணைப்பில் மெழுகுவர்த்தியை ஒரு சுற்றுத் தேய்த்து, துணி உறையில் போடுங்கள். உறையை டெய்லர் கடையில் தைத்துக்கொள்ளலாம். இரண்டு துண்டுக்கும் தனித்தனிப் பகுதி, நடுவில் ஒரு தையல், மேலே நாடா. பழைய பருத்தி வேட்டித் துணி போதும், ஆனால் ராடு முழுக்கக் காய்ந்த பிறகே போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் கார்க் கைப்பிடியில் கருப்புப் பூஞ்சை வரும், கைடுக் காலின் வார்னிஷுக்கு அடியில் துருவும் பிடிக்கும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். நம்ம ஊர் வெயிலில் ஒரு கோடையிலேயே உருகி ராடில் ஒட்டிக்கொள்ளும், சுரண்டினால் பூச்சு பெயரும்.

ரீலை டிராக் தளர்த்திய நிலையில் வையுங்கள். இறுக்கி வைத்தால் உள்ளே இருக்கும் வட்டுகள் அமுங்கி ஒட்டிக்கொண்டு, பிறகு நரம்பை விட்டு விட்டு இழுத்துக்கொடுக்கும். அதில்தான் நரம்பு அறுகிறது. வெளியே போகும் அன்று மறக்காமல் மறுபடி இறுக்கிச் சரிபாருங்கள்.

ரீலுக்கு டப்பா: மூடி இறுகும் பிளாஸ்டிக் டிபன் டப்பா, அடியிலும் பக்கத்திலும் ஸ்பாஞ்சு, உள்ளே 20 கிராம் அளவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். நீல நிறக் குருணை வெளிர் சிவப்பானால் ஈரம் குடித்து முடித்தது என்று பொருள். சூடாக்கி உலர்த்தினால் மறுபடி நீலமாகும். நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கும், அது நஞ்சு. சமையல் பாத்திரத்தில் போட்டு வறுக்காதீர்கள், குழந்தைகள் கையில் படும்படி வைக்காதீர்கள். அரிசி போட்டு வைப்பது உதவாது. மாவுத்தூசிதான் ரீலுக்குள் போகும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்தில் தோல் வெட்டுத்துண்டு எளிதாகக் கிடைக்கும் என்பதால் பலருக்கு ரீலுக்குத் தோல் பை தைக்க ஆசை வரும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அந்த ஈரத் தோல் உலோகத்தில் ஒட்டியே இருந்தால் துரு நிச்சயம். தோலை வெளிப்பட்டைக்கும் தோள்வாருக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எலி, குளவி, கரையான் மூன்றும் இந்தப் பொழுதுபோக்கின் நிரந்தர விருந்தாளிகள். கடலைப் புண்ணாக்கு, தவிடு, மாவு எதையும் ராடு இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள். புண்ணாக்குக் கையால் பிடித்த கார்க் கைப்பிடியை எலி கொறித்துவிடும். கைப்பிடியைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்தபின் வையுங்கள். திறந்து கிடக்கும் குழாய்க்குள்ளும் ராடின் உள்துளைக்குள்ளும் குளவி மண்கூடு கட்டும். அடிமூடி தொலைந்த டெலஸ்கோபிக் ராடை வெளியே வைத்திருந்தால் விரிக்க முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரப்பர் மாதிரி இருக்கும் மென்மையான லூர்களை (செயற்கை இரைகளை) வாங்கிய உறையிலேயே வையுங்கள். விறைப்பான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துப் போட்டால் டப்பாவோடு உருகி ஒட்டும். விராலுக்குப் போடும் தவளை லூரையும் அவற்றோடு கலக்க வேண்டாம். கொசு விரட்டும் களிம்பு தடவிய கையால் நரம்பையும் ரீலையும் தொடாதீர்கள், அதில் டீட் என்ற பொருள் இருந்தால் பிளாஸ்டிக்கையும் பூச்சையும் அரிக்கும்.

குழாய் செய்வது

ஹார்டுவேர் கடையில் வீட்டுக் கழிவுநீருக்குப் போடும் பி.வி.சி. குழாய் பல அளவில் கிடைக்கும். நமக்கு வேண்டியது 75 மி.மீ., 110 மி.மீ. இரண்டும்தான். ஒரு ராடுக்கு 75 போதும். இரண்டு மூன்று ராடு சேர்த்துக் கொண்டுபோக 110. ரீல் அடியில் தொங்கும் ஸ்பின்னிங் ராடின் முதல் கைடு பெரிதாக நிமிர்ந்து நிற்கும் என்பதால் 50 மி.மீ. குழாய் வாங்கி ஏமாற வேண்டாம். கைடைத் தேய்த்துத்தான் உள்ளே போகும்.

1. ராடை உறையில் போட்டு நீளமான துண்டை அளந்து, அதற்கு மேல் 8 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். 110 செ.மீ. துண்டுக்கு 118 செ.மீ. குழாய். 10 அடிக் குழாய் ஒன்றில் இப்படி இரண்டு வெட்டினால் மிச்சம் 69 செ.மீ. நிற்கும், அது டெலஸ்கோபிக் ராடுக்கு ஆகும்.

2. வெட்டும் இடத்தில் ஒரு தாளைச் சுற்றி ஒட்டிக்கொண்டு ஆக்சா பிளேடால் அறுங்கள், கோணாமல் வரும். விளிம்பை உப்புத்தாளால் உள்ளும் புறமும் தேயுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு முறை ராடை இழுக்கும்போதும் விளிம்பு சுரண்டும்.

3. ஒரு முனைக்கு மூடியை பி.வி.சி. பசையால் ஒட்டி, ஒரு நாள் முழுக்க வாய் திறந்து காற்றில் வையுங்கள். பசையின் ஆவி போகாமல் ராடைப் போட்டால் வார்னிஷ் பிசுபிசுக்கும்.

4. ஒட்டிய மூடிக்குப் பக்கத்தில் 5 மி.மீ. துளை மூன்று நான்கு போட்டு, வெளிப்புறம் கொசுவலைத் துண்டை ஒட்டுங்கள். ஈரமும் சூடும் வெளியே போகும், குளவி உள்ளே வராது.

5. அடியில் 3 செ.மீ. தடிமனில் வட்டமாக வெட்டிய ஃபோம், மேல்மூடியின் உட்புறத்தில் இன்னொன்று.

6. மறுமுனைக்குத் திருகு மூடி கிடைத்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் சாதாரண மூடியைப் பசையில்லாமல் செருகி, ஒரு நாடாவால் குழாயோடு கட்டுங்கள். கட்டாத மூடி எங்காவது ஒரு வேகத்தடையில் பறந்துவிடும்.

7. பை வாருக்குப் போடும் தடித்த நைலான் நாடாவை இரண்டு இடத்தில் சுற்றிக் கட்டித் தோள்வாராக்குங்கள். குழாயைக் கருப்புப் பெயின்ட் அடிக்க வேண்டாம், வெயிலை இழுக்கும். இரவில் பைக்கில் போகிறவர்கள் ஒளிரும் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டலாம்.

உள்ளே போடும்போது இரண்டு துண்டையும் துணி நாடாவால் இரண்டு இடத்தில் சேர்த்துக் கட்டுங்கள். மெல்லிய முனை, பக்கத்தில் இருக்கும் தடித்த துண்டைவிட மூன்று நான்கு செ.மீ. உள்ளே தள்ளி நிற்கட்டும். குழாய் கீழே விழுந்தாலும் தடித்த துண்டுதான் முதலில் ஃபோமில் மோதும். குலுக்கிப் பாருங்கள். லொடலொட என்று கேட்டால் இன்னும் ஒரு துணியைச் சுற்ற வேண்டும்.

வழியில்

பைக்கில், குழாயை இடது பக்கம் புடவைக் கம்பியோடு சேர்த்து முன்னும் பின்னுமாகப் படுக்கவைத்து இரண்டு இடத்தில் கட்டுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலது பக்கம் இருக்கும், அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் பி.வி.சி. வளையும். குறுக்காகக் கட்டுவது எதிரே வருபவருக்கு ஆபத்து. தோளில் மாட்டினால் மேல்முனை ஹெல்மெட்டைத் தாண்டாதபடி சாய்த்துக்கொள்ளுங்கள், ஜவ்வாது மலைப் பாதையில் தாழ்ந்த கிளைகள் நிறைய. ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே நிறுத்தினால் ஹேண்டில் திரும்பாது. ரீல் டப்பா முதுகுப் பையில், துணிக்கு நடுவில்.

பேருந்தில் மேலே இருக்கும் கம்பியில் வைக்காதீர்கள், குழாயில் இருந்தாலும் இறங்கும்போது மறந்துபோகும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொள்ளுங்கள். நடத்துநர் கேட்டால் தூண்டில் என்று சொன்னால் போதும். பி.வி.சி. குழாயைப் பார்த்துப் பிளம்பர் என்றே பெரும்பாலும் நினைத்துக்கொள்வார்கள்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். காட்பாடி வழியாகச் செல்லும் சென்னை, பெங்களூரு பாதைகளின் மேலே ஓடுவது 25,000 வோல்ட் கம்பி. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். தொட வேண்டும் என்றுகூட இல்லை, போதுமான அளவு நெருங்கினாலே பாயும். நடைமேடையிலோ நடைபாலத்திலோ ராடை வெளியே எடுக்காதீர்கள், நண்பருக்கு விரித்துக் காட்டாதீர்கள். ஏரிக்கரையிலும் இதே எச்சரிக்கைதான். கரையை ஒட்டியோ தண்ணீருக்குக் குறுக்காகவோ மின்கம்பி போகும் ஏரிகள் நிறைய. வீசுவதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள். இடி மின்னல் என்றால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு விலகுங்கள்.

காரில் ராடு உடைவது ஓடும்போது அல்ல, ஏற்றி இறக்கும்போது. கைப்பிடி முதலில் உள்ளே போகட்டும், முனை கடைசியில். முனையைக் கண்ணாடி இடுக்கில் நீட்டிவைத்து யாராவது கண்ணாடியை ஏற்றிவிட்டால் தீர்ந்தது. கதவைச் சாத்துகிறவர் ஒருவராக மட்டும் இருக்கட்டும். வெளியே 40 டிகிரி அடிக்கும் மதியத்தில் மூடி நிறுத்திய காருக்குள் 60-ஐத் தாண்டும். மோர்தானாவிலோ காவேரிப்பாக்கத்திலோ சாப்பாட்டுக்கு நிறுத்தினால் ராடையும் ரீலையும் நிழலுக்கு எடுத்துவாருங்கள், அல்லது சீட்டுக்கு அடியில் ஈரமில்லாத சாக்கால் மூடுங்கள். அணையானாலும் ஏரியானாலும் மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கலாம். இறங்குவதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது.

விமானத்தில் போனால் முள்ளும் லூரும் கைப்பையில் வேண்டாம், குழாயோடு சேர்த்துப் பதிவுச் சாமானில் போடுங்கள். ரீலை மட்டும் நரம்பில்லாமல் துணியில் சுற்றினால் சோதனையில் கேள்வி குறையும்.

எடுக்கும் முன்னும், சிக்கிக்கொண்டால்

மாதம் ஒருமுறை உறையைத் திறந்து காற்றாட விடுங்கள், ரீலின் கைப்பிடியைப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். ஏரி கோடி போகிற மழை மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் நல்லது. அந்த நாட்களில்தான் விராலும் கெண்டையும் ஆசை காட்டும், ரீலிலும் துரு ஏறும்.

கிளம்பும் முந்தின நாள் மூன்று சோதனை. ஒரு பஞ்சுத் துண்டை ஒவ்வொரு கைடு வளையத்துக்குள்ளும் சுற்றித் தேயுங்கள், இழை மாட்டினால் அங்கே விரிசல் இருக்கிறது. நகத்தால் தண்டு முழுக்கத் தடவுங்கள், பள்ளம் தட்டுப்படும் இடத்தில் நின்று பாருங்கள். பிறகு நரம்பை எல்லாக் கைடுகளிலும் ஓட்டி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, முகத்தை விலக்கிக்கொண்டு மெதுவாகத் தூக்குங்கள். நொறுநொறு என்று சத்தம் வந்தால் அந்த ராடு மீனைத் தாங்காது. அதன் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்ற நினைக்க வேண்டாம்.

இரண்டு துண்டு ராடு கழலவில்லை என்றால் கைடுகளைப் பிடித்துத் திருகாதீர்கள், இடுக்கியைப் போடாதீர்கள். உட்காருங்கள். ராடை முழங்காலுக்குப் பின்புறம் குறுக்காக வைத்து, இணைப்புக்கு இரண்டு பக்கமும் கையால் பிடித்து, கால்களை மெல்ல விரித்து வெளிப்பக்கம் தள்ளுங்கள். விசை நேராகப் போகும், திருகல் இருக்காது. அப்படியும் வராவிட்டால் இணைப்பில் ஐந்து நிமிடம் ஐஸ் கட்டி வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

டெலஸ்கோபிக் ராடு மடங்கவில்லை என்றால் அடிமூடியைத் திருகிக் கழற்றுங்கள். ராடின் அடிமுனையை ஒரு மரப்பலகையின் மேல் செங்குத்தாக மெல்லத் தட்டினால் விட்டுவிடும். விட்டதும் அடுக்குகளை ஒவ்வொன்றாக அடிவழியே வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் மணலைக் கழுவி, காய்ந்தபின் பழைய வரிசையிலேயே போட்டு மூடியை இறுக்குங்கள்.